கடற்பாசிச் சத்து தெளித்த மாலையே கவிழ்ந்த தக்காளி நாற்றுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இடம், சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டை ஒன்றின் சமூகத் தோட்டம். நடவுக்குத் தயாராக, நான்கு இலை விட்ட நாற்றுகள் தட்டுகளில் இருந்தன: தக்காளி, கத்தரி, வெண்டை, பயற்றங்காய், தண்டுக்கீரை. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு 5 லிட்டர் தோள் பம்பில் நீர்த்த கடற்பாசிச் சாறு கலந்து தெளித்தார்கள். பாத்தி ஓரத்து எலுமிச்சைப் புல், பாண்டான், இரண்டு வரிசை மக்காச்சோளம் ஆகியவற்றின் மீதும் அதே சாறு விழுந்தது.

மாலை ஐந்து மணிக்குத் தக்காளி இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. தண்ணீர் காணாத வாட்டம்போல் தெரிந்தாலும் இலை தளரவில்லை, தொட்டால் விறைப்பாக இருந்தது. மண்ணும் ஈரம். ஞாயிற்றுக்கிழமை வெண்டைத் தண்டு முறுக்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை கீரையின் அடித்தண்டு வீங்கி, சில செடிகளில் நீளவாக்கில் வெடித்தது. ஏழாம் நாள் தக்காளியில் வந்த புதிய இலை, தக்காளி இலையாகவே இல்லை. பெரணி இலைபோல ஒடுங்கி, நரம்புகள் நெருங்கி இணையாக ஓடி, அவற்றுக்கு இடையே பச்சைப் பரப்பே இல்லாமல் நாடாவாக நீண்டிருந்தது.

தோட்டத்தில் நான்கு கருத்துகள் கிளம்பின. "வியாழக்கிழமை கொசுப் புகை அடிச்சாங்களே, அதான்" என்றார் ஒருவர். வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் என்றார் இன்னொருவர். புதிதாக வந்த கம்போஸ்ட் மீது சிலருக்குச் சந்தேகம். கடற்பாசிச் சாறு கெட்டுப்போயிருக்கும் என்பது நான்காவது. இரவல் வாங்கிய பம்பை யாரும் நினைக்கவில்லை.

நாற்றைப் பார்த்தே எவ்வளவு தூரம் போகலாம்

இந்த நிகழ்வில் பெரும்பகுதி விடை, சோதனை எதுவும் செய்யாமலே செடிகளில் எழுதியிருந்தது. முதல் தடயம் நேரம். வைரஸ் ஒரே நாளில் எல்லாச் செடியையும் வளைக்காது. ஈ கடித்த செடியில் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத் தெரியத் தொடங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவும். இங்கே எட்டரை மணி நேரத்துக்குள் தக்காளி கவிழ்ந்தது; அடுத்த சில நாளில் ஐந்து வகைச் செடிகள், நான்கு தாவரக் குடும்பங்கள், ஒரே திசையில் பாதிக்கப்பட்டன. குடும்பம் பார்க்காமல் இப்படி இவ்வளவு வேகமாகத் தாக்குவது நோயின் வழக்கமல்ல.

இரண்டாவது தடயம், தப்பித்தவர்கள் யார் என்பது. மக்காச்சோளம், எலுமிச்சைப் புல், பாண்டான் மூன்றும் அதே தெளிப்பை வாங்கியும் அசையவில்லை. மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள். விழுந்தவை அனைத்தும் இருவித்திலை. இந்தப் பிளவுதான் ஆக்சின் வகைக் களைக்கொல்லியின், அதாவது செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போலிசெய்யும் மருந்தின், கையெழுத்து. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி என்றால் புல்லையும் விட்டிருக்காது. அது வேலைசெய்வதும் மெதுவாக: ஐந்து முதல் பத்து நாளில் குருத்தின் அடி வெளுத்து மஞ்சளாகும், முறுக்கல் முதலில் வராது. குளுஃபோசினேட், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் துளி விழுந்த இடத்தைக் கருக்கும், வெயில் இருந்தால் இன்னும் வேகமாக.

மூன்றாவது, மேசைக்கடியில் மறந்துபோன ஒரு தக்காளித் தட்டு. அதே விதை, அதே கம்போஸ்ட், அதே குழாய்த் தண்ணீர், அதே கொசுப் புகை. தெளிப்பு மட்டும் படவில்லை. அந்தத் தட்டு நன்றாகவே இருந்தது. கம்போஸ்ட், புகை, வைரஸ் மூன்று சந்தேகங்களும் இந்த ஒரு தட்டால் வலுவிழந்தன. தெரிந்தே ஒரு தட்டை எப்போதும் எதிலும் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். இங்கே மறதி அந்த வேலையைச் செய்தது.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பேட்டைகளில் செடி வாடினாலே பழி அதன்மேல் போகிறது. கொசுப் புகையில் இருப்பது பூச்சிக்கொல்லி. எண்ணெய்த் துளி கனமாக விழுந்தால் இலையில் புள்ளியோ கருகலோ வரலாம். இலையைப் பெரணியாக்க அதனால் முடியாது.

சந்தேகத்தைக் குழப்பிய ஒன்றும் தோட்டத்தில் இருந்தது. வேறு மூலையில் மிளகாய்ச் செடிகளின் இலைகளும் சுருண்டிருந்தன. ஆனால் அவை இரண்டு வாரம் முன்பே தொடங்கியவை. விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, இலையடியில் வெண்கலப் பளபளப்பு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் குருத்துக்குள் மிக நுண்ணிய சிலந்திப் பேன்கள். நம் ஈரப்பதத்தில் மிளகாய்க்கு அடிக்கடி வரும் தொல்லை இது. களைக்கொல்லிக் காயத்தை அச்சாகப் போலிசெய்யும். அது வேறு கதை, வேறு வைத்தியம்.

ஹார்மோனும் களைக்கொல்லியும் ஒரே கதவில்

தாவரம் தானே உண்டாக்கும் முக்கிய ஆக்சின், இண்டோல் அசிட்டிக் அமிலம். குருத்து நுனியில் உருவாகி, கீழே இறங்கி, எந்தச் செல் எவ்வளவு நீள வேண்டும் என்று தீர்மானிக்கிறது. செடி அதை உண்டாக்கிய வேகத்திலேயே சிதைக்கவும் பிணைத்து ஒதுக்கவும் தெரிந்து வைத்திருக்கிறது. 1940களில் களைக்கொல்லியாக வந்த 2,4-டி, செல்லுக்குள் அதே ஏற்பியில் போய் அமர்கிறது. வேறுபாடு, இருவித்திலைச் செடியால் அதைச் சீக்கிரம் சிதைக்க முடிவதில்லை என்பதுதான். "நீளு" என்ற கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காம்பின் மேற்பக்கச் செல்கள் அடிப்பக்கத்தைவிட வேகமாக நீள்வதால் இலை கவிழ்கிறது. சனி மாலை கண்டது அதுதான். புற்கள் 2,4-டியை விரைவாக வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அவற்றின் தண்டில் சாற்றுக் குழாய்கள் சிதறிக் கிடப்பதும், பருக்கும் வளர்திசு இல்லாததும் கூடுதல் பாதுகாப்பு.

ஆக்சின் அளவு ஏறியதும் செடி எத்திலீன் வாயுவை மிகுதியாக உண்டாக்குகிறது. அதைத் தொடர்ந்து அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, ஒளிச்சேர்க்கை படுக்கிறது. ஆக நாற்றைச் சாகடிப்பது வெறும் நஞ்சு அல்ல. அதன் ஹார்மோன்களே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் சங்கிலி அது.

இதே 2,4-டியைத் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 1 அல்லது 2 மி.கி. போட்டு, ஒரு இலைத் துண்டிலிருந்து புதிய திசுவை வளர்க்கிறார்கள். அங்கே அது வளர்ச்சிப் பொருள். புல்தரையில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் கலந்தால் களைக்கொல்லி. பொருள் ஒன்று, நடுவில் ஆயிரம் மடங்கு தூரம். அசுத்தமான பம்ப் அந்தத் தூரத்தின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நாற்றைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கணக்கு

பம்பின் கடைசி வேலையைக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. மூன்று வாரம் முன்பு புல்தரையில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி அமீன் அடித்திருக்கிறார்கள். லிட்டருக்கு 720 கிராம் செறிவுள்ள மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. அதாவது கலவையில் லிட்டருக்கு 1,440 மி.கி. வேலை முடிந்ததும் பம்பைக் கவிழ்த்துக் காலி செய்து வைத்தார்கள், கழுவவில்லை.

காலியான பம்ப் காலி அல்ல. தொட்டியின் அடிக்குழி, ரப்பர்க் குழாய், கைக்குழல், வடிகட்டி எல்லாம் சேர்த்து 50 மி.லி. வரை தங்கிவிடும். அதில் 72 மி.கி. 2,4-டி. தண்ணீர் காய்ந்தாலும் அது காயாமல் படிவாக நிற்கும். அதன்மேல் 5 லிட்டர் கடற்பாசிச் சாறு ஊற்றினால் லிட்டருக்கு 14.4 மி.கி. களைக்கு அடிக்கும் அளவில் சரியாக நூறில் ஒரு பங்கு. தக்காளிக்கும் வெண்டைக்கும் இது தாராளம்.

அதே பம்பை 500 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினால் எஞ்சுவது பதினொன்றில் ஒரு பங்கு. மூன்று முறை செய்தால் 1,331இல் ஒரு பங்கு. ஒரே தடவையில் ஒன்றரை லிட்டர் ஊற்றி அலசினால் முப்பத்தொன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையாது. தண்ணீர் அதே ஒன்றரை லிட்டர்தான், பிரித்து ஊற்றுவதில்தான் சூட்சுமம். அலசல் தண்ணீர் ஒவ்வொரு முறையும் கைக்குழல் வழியாக வெளியேற வேண்டும். தொட்டியை மட்டும் கழுவினால் குழாயில் இருப்பது அப்படியே இருக்கும்.

பயறு சோதனை

கணக்கை நம்பலாம், ஆனால் முளைவேரிடம் கேட்பது மேல். ஆக்சினுக்குத் தண்டைவிட வேர் பன்மடங்கு நுண்ணுணர்வு கொண்டது. தண்டை நீளச் செய்யும் அளவே வேரை நிறுத்திவிடும். தேக்கா வட்டாரத்தில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் முழுப் பச்சைப் பயறு போதும். உடைத்த பருப்பு ஆகாது. உணவு வாங்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் ஐந்து, சமையலறைத் தாள், 10 மி.லி. ஊசிக்குழல் ஒன்று, பள்ளிக்கூட ரூலர் ஒன்று.

பம்பில் 500 மி.லி. குழாய்த் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கைக்குழல் வழியாக ஒரு குவளையில் பிடித்தார்கள். பெட்டிகள் இப்படி: 'அ' வெறும் குழாய்த் தண்ணீர். 'ஆ' பம்ப் அலசல் தண்ணீர். 'இ' பம்பைத் தொடாமல் புதுக் குவளையில் கலந்த கடற்பாசிச் சாறு. 'ஈ' அலசல் தண்ணீர் 10 மி.லி. எடுத்து 90 மி.லி. தண்ணீரில் கலந்தது. 'உ' அந்த 'ஈ'யிலிருந்து மீண்டும் 10 மி.லி. எடுத்து 90இல் கலந்தது. சாறு தெளித்த பின் பம்பில் தங்கிய 50 மி.லி.யில் லிட்டருக்கு 14.4 மி.கி.; மேலே சொன்ன கணக்குப்படி அது பதினொன்றில் ஒரு பங்காகி 'ஆ'வில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மி.கி., 'ஈ'யில் 0.13, 'உ'வில் 0.013.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மடிப்புத் தாள், 15 மி.லி. திரவம், 20 பயறு. தண்ணீரில் மிதக்கும் பயற்றை முதலிலேயே நீக்க வேண்டும். தாள் நனைந்திருக்க வேண்டும், குளமாகக் கூடாது. மூழ்கிய விதை மூச்சின்றி அழுகும், அதை மருந்தின் விளைவென்று தவறாகப் படித்துவிடுவோம். பெட்டிகளில் திரவத்தை எப்போதும் சுத்தமான பெட்டியிலிருந்து தொடங்கி அழுக்குப் பக்கம் போகும் வரிசையில் ஊற்ற வேண்டும். ஊசிக்குழல் ஒன்றுதான் என்றால் இந்த வரிசை மாறினால் சோதனையே வீண். மூடி, வெயில் படாத அலமாரியில் 72 மணி நேரம். நம் வெப்பத்தில் அதற்குள் வேர் அளக்கும் நீளம் வந்துவிடும்.

அலமாரியில் பழுத்த வாழைப்பழம் இருக்கக் கூடாது. இதைச் சிறு குறிப்பாகக் கடந்துவிட வேண்டாம். 1901இல் நெல்யூபோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர், ஆய்வுக்கூட விளக்கு வாயுவில் இருந்த எத்திலீனால் பட்டாணி முளைகள் குட்டையாகி, தடித்து, கிடையாக வளர்ந்ததைக் காட்டினார். பழம் விடும் எத்திலீனும் அதையேதான் செய்யும். ஐந்து பெட்டியும் குட்டையாக வந்து, 'எல்லாமே நஞ்சு' என்று முடிவெடுத்து நல்ல உரத்தைக் கொட்டிவிட நேரும். 'அ' பெட்டி சரியாக முளைத்தால்தான் மற்றவற்றைப் படிக்கவே தொடங்கலாம்.

மூன்றாம் நாள் 'அ'விலும் 'இ'யிலும் வேர் 4 முதல் 6 செ.மீ., வெள்ளையாக, நேராக. கடற்பாசிச் சாறு நிரபராதி. 'ஆ'வில் ஒரு செ.மீ. தாண்டவில்லை. நுனி தடித்து, பழுப்பேறி, முளைத்தண்டு பென்சில் முனைபோல் பருத்திருந்தது. ஆனால் இருபது விதையும் முளைத்திருந்தன. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முளைத்த விதைகளை மட்டும் எண்ணி 'நூற்றுக்கு நூறு, பம்ப் சுத்தம்' என்று எழுதிவிடலாம். இந்த அளவில் 2,4-டி முளைப்பைத் தடுப்பதில்லை. தோலைக் கிழித்து வெளிவந்த வேரைத்தான் நிறுத்துகிறது. எண்ணக் கூடாது, அளக்க வேண்டும். 'ஈ'யில் 'அ'வில் பாதிக்கும் குறைவு. 'உ'வில் கிட்டத்தட்ட 'அ' அளவு. அதில் இரண்டு மூன்று வேர்கள் 'அ'வைவிட நீளமாகக்கூட இருந்தன. மிகக் குறைந்த ஆக்சின் வேரை ஊக்குவது உண்மைதான் என்றாலும், இருபது விதையை வைத்து அப்படி முடிவு சொல்வதற்கில்லை.

முளைவேர் இப்படிக் குட்டையாவதற்கு வேறு வகைக் களைக்கொல்லியும் காரணமாகலாம். பெண்டிமெத்தலின் செல் பிரிவுக்கான நுண்குழாய்களைக் கட்டவிடாது. வேர்நுனி கதாயுதம்போல் உருண்டு வீங்கும். ஆனால் அது புல் விதைகளையும் விடாது. அதனால் சந்தேகம் இருந்தால் பயற்றோடு ஒரு பெட்டி கேழ்வரகோ மக்காச்சோளமோ சேர்த்து வைப்பது பயன் தரும். மக்காச்சோள வேர் நன்றாக ஓடி, பயறு மட்டும் நின்றால் விரல் ஆக்சினை நோக்கியே நீளும்.

மருந்துக்கு மேல் மருந்து

விடை தெரியும் முன்பே ஒரு தட்டுக்கு வைத்தியம் நடந்துவிட்டது. குன்றிப்போன நாற்றை நீட்டலாம் என்று திங்கட்கிழமை ஜிப்ரெலிக் அமிலம் லிட்டருக்கு 100 மி.கி. கலந்து தெளித்தார்கள். ஜிப்ரெலின் நீட்டும், சந்தேகமில்லை. 1926இல் தைவானில் எய்ச்சி குரோசாவா, நெற்பயிர் பைத்தியம் பிடித்ததுபோல் உயர்ந்து சாயும் நோய்க்குப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரெலின். அது கண்டுபிடிக்கப்பட்ட கதையே நாற்று நீண்டு விழுந்த கதை.

தட்டில் நடந்ததும் அதுவே. இடைக்கணு நீண்டது, தண்டு மெலிந்தது, இலை வெளிறியது. இலைகள் பெரணியாகவே நின்றன, ஏனென்றால் ஆக்சின் கட்டளையை ஜிப்ரெலின் அழிப்பதில்லை. கோயிலுக்கு இருட்டில் வளர்க்கும் முளைப்பாரிபோல் மஞ்சள் சாயலோடு நின்ற நாற்றுகள் வெள்ளிக்கிழமை மழையில் படுத்துவிட்டன. முளைப்பாரி நீள்வதும் ஹார்மோன்களின் வேலைதான், ஒளி இல்லாதபோது அவற்றைத் தடுக்கும் கை இல்லை. நடைபாதைச் சுவரோரம் வெளிச்சம் போதாமல் வளரும் நாற்றும் இப்படித்தான் தெரியும். இலை வடிவம் சரியாக இருந்து தண்டு மட்டும் நீண்டிருந்தால், மருந்தைத் தேடாமல் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.

இளநீர் ஊற்றலாமா என்ற கேள்வியும் வந்தது. இளநீரில் செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் உண்டு; 1941 முதலே கருவளர்ப்புச் சோதனைகளில் அது பயன்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அது கிருமி நீக்கிய குப்பிக்குள் போகிறது. திறந்த தட்டில் அதன் சர்க்கரை பூஞ்சைக்கு விருந்து, நாற்றின் கழுத்து அழுகும். களைக்கொல்லிக் காயத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தண்ணீர் ஊற்றி, காத்திருந்து, புதிய இலை சரியான வடிவில் வருகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. இங்கே பயற்றங்காயில் சில செடிகள் மட்டும் மூன்றாம் வாரம் தேறின. தேறினாலும் உணவுக்கு வைத்துக்கொள்வது சரியல்ல. லேபிளில் அந்தப் பயிரின் பெயர் இல்லாத மருந்து பட்ட செடியின் காயை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நாற்றுகள் பையில் கட்டிக் குப்பைக்குப் போயின, கம்போஸ்ட் குவியலுக்கு அல்ல.

கம்போஸ்ட் மீதான சந்தேகம் இந்த முறை தவறு, ஆனால் அடிப்படை இல்லாதது அல்ல. அமினோபைராலிட், குளோபைராலிட் என்ற ஆக்சின் வகை மருந்துகள் அடித்த வைக்கோலை மாடோ குதிரையோ தின்றால், மருந்து குடலைக் கடந்து சாணத்தில் வந்து, மட்கிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். அதற்குப் பயறு பெட்டி போதாது, தொட்டி வேண்டும். சந்தேக உரமும் நல்ல மண்ணும் சமபங்கு கலந்து மூன்று தொட்டி, நல்ல மண் மட்டும் மூன்று தொட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று பயற்றங்காய் விதை. மூன்று அடுக்கு உண்மை இலை வரும்வரை பார்க்க வேண்டும். வித்திலைகளில் ஒன்றும் தெரியாது. கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர் வடிந்து அடுத்த தொட்டிக்குப் போகாதபடி தனித்தனித் தட்டு வையுங்கள். இங்கே இலைகள் சரியாக வந்தன. ஆனால் உரத் தொட்டிகளில் முளைப்பு குறைவாகவும் தாமதமாகவும் இருந்தது. அது களைக்கொல்லி அல்ல, முழுதாக மட்காத உரத்தின் அம்மோனியாவும் உப்பும். இன்னும் ஒரு மாதம் குவித்து வைக்கச் சொல்லப்பட்டது.

பம்ப்

மூன்று முறை 500 மி.லி. அலசினார்கள். கணக்குப்படி போதும். மறுபடியும் பயறு வைத்தால், வேர் இன்னும் 'அ'வில் பாதிதான். ரப்பர்க் குழாயும் வாஷரும் மருந்தை உள்ளே உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். எந்த வகுத்தல் கணக்கும் இதைக் காட்டாது. பிறகு லிட்டருக்கு 10 மி.லி. வீட்டு அம்மோனியா கலந்து நிரப்பி, கைக்குழல் வழியாகச் சிறிது வெளியேற்றி, ஓர் இரவு அப்படியே விட்டார்கள். நாசிலும் வடிகட்டியும் கழற்றப்பட்டு அதே கரைசலில் தனியாக ஊறின. கையுறை, காற்றோட்டமான இடம் இரண்டும் கட்டாயம். குளோரின் பிளீச்சை இதோடு கலக்கவே கூடாது, நுரையீரலைத் தாக்கும் வாயு கிளம்பும்.

அலசிய தண்ணீர் எதுவும் வாய்க்காலில் விடப்படவில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர் வாய்க்கால் போய்ச் சேர்வது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கு. மருந்தின் லேபிள் அனுமதித்த அதே புல்தரையில், மழை வராத நாளில், பரவலாகத் தெளித்து முடித்தார்கள்.

மூன்றாவது பயறு சோதனையில் தொட்டித் தண்ணீர் தேறியது, கைக்குழல் வழியாக வந்த தண்ணீர் தேறவில்லை. குழாயும் வாஷர்களும் மாற்றப்பட்டன. நான்காவது முறை இரண்டு பெட்டிகளின் வேரும் 'அ'வோடு சமமாக ஓடின. அப்படியிருந்தும் அந்தப் பம்ப் காய்கறிப் பக்கம் திரும்பவில்லை. பிடியில் சிவப்பு டேப் சுற்றி 'களைக்கு மட்டும்' என்று எழுதி, உரிமையாளரிடம் சேர்த்தார்கள். நாற்றுகளுக்குப் புதிதாக வாங்கிய 2 லிட்டர் பம்புக்கும் முதல் நாளே ஒரு பயறு பெட்டி வைக்கப்பட்டது.